அழாத குழந்தைகளின் இலக்கியம்

சாயங்காலம் ஆறு மணி ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். சில வருடங்களுக்கு முன், தங்கை பிரசவத்துக்காகக் கள்ளக்குறிச்சிக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருந்த சமயம். பெண் குழந்தை. முதல் மூன்று வாரம் பால் குடித்தாள், தூங்கினாள், கனவில் சிரித்தாள். நாலாவது வாரம் ஒரு நாள் ஆறு மணிக்கு அழ ஆரம்பித்தாள். நிறுத்தும்போது ஒன்பதரை.

மறுநாளும் ஆறு மணி. அதற்கு மறுநாளும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்திருந்தால் நான் விவரிக்க வேண்டியதில்லை. முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். முஷ்டி இரண்டும் இறுகும். முழங்கால் வயிற்றுக்கு வரும். வயிறு தவில் மாதிரி விறைப்பு. பால் கொடுத்தால் வாயைத் திருப்பிக்கொள்ளும். துணி நனையவில்லை, ஜுரம் இல்லை, எறும்பு கடிக்கவில்லை. அம்மா தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்கும் கொல்லைக்குமாக நடப்பாள். அப்புறம் நான். அப்புறம் மறுபடி அம்மா. தங்கை மூலையில் உட்கார்ந்து குழந்தையோடு சேர்ந்து அழுவாள்.

ஊர் சும்மா இருக்குமா? "கத்தரிக்கா சாப்பிட்டியா?" என்றார் எதிர்வீட்டு அம்மா. இன்னொருத்தர், "ஈரத் தலையோட பால் குடுத்திருப்பே." மூன்றாவதாக வந்தவர், "வாயுப் பதார்த்தம் எதுவும் தொட்டிருக்கக் கூடாதே!" பிரசவமான நாளிலிருந்து பூண்டுக் குழம்பும் ரசமும் தவிர வேறெதையும் கண்ணால் கூடப் பார்க்காத பெண்ணிடம் இந்த விசாரணை. கவனியுங்கள், கேள்வி எல்லாம் வேறு வேறு. குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவள் மட்டும் ஒரே ஆள்தான்.

டாக்டர் குழந்தையைப் புரட்டிப் பார்த்தார். எடை போட்டார். "நல்லாத்தான் இருக்கா. சில குழந்தைங்க இப்படித்தான். மூணு, நாலு மாசத்துல தானா நின்னுடும்" என்றார். மருந்து எழுதித் தரவில்லை. அதனாலேயே அம்மாவுக்கு அவர் மேல் நம்பிக்கை போய்விட்டது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் புத்தகம் ஒன்றுதான். குழந்தை அழுகிற வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தூக்கம் வராமல், நம் ஆட்கள் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். குழந்தையைத் தெய்வமாகவும் தெய்வத்தைக் குழந்தையாகவும் வைத்து ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகப் பாடிக்கொண்டிருக்கிற மொழி இது. பிள்ளைத்தமிழ் என்று அதற்காகவே தனியாக ஒரு இலக்கிய வகை வைத்திருக்கிறோம். நிச்சயம் எங்காவது இருக்கும் என்று நினைத்தேன்.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று போகும். காப்பு மூன்றாம் மாதம், செங்கீரை ஐந்தாம் மாதம், தால் ஏழு எட்டு மாதம் என்பது பொதுவான கணக்கு. குழந்தை தலையைத் தூக்கி ஆடுவதற்கு ஒரு பருவம், கை தட்டுவதற்கு ஒரு பருவம், நிலாவைக் கூப்பிடுவதற்கு ஒரு பருவம். அழுகைக்கு என்று ஒரு பருவம் கிடையாது. அது மட்டுமில்லை. கணக்கைப் பாருங்கள். இந்தக் காரணமில்லாத அழுகை இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் அடங்குகிறது. நம் புலவர் பெருமக்கள் எழுத்தாணியை எடுப்பது மூன்றாம் மாதத்தில்! குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பாடியது தமிழின் உச்சங்களில் ஒன்று, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் புலவர் வந்து சேரும்போது கஷ்டகாலம் முடிகிற கட்டம். தூங்காத அறுபது எழுபது ராத்திரியை அவர் பார்க்கவில்லை.

அழும் குழந்தையே தமிழில் இல்லை என்று சொல்ல வரவில்லை. புறநானூற்றில் இருக்கிறது. குமணனைப் பார்க்கப் போன பெருஞ்சித்திரனார், வெறும் பானையைத் திறந்து திறந்து பார்த்து அழுகிற தன் பிள்ளையைச் சொல்கிறார். தாய் அவனைப் புலி வருகிறது என்று பயமுறுத்திப் பார்க்கிறாள், நிலாவைக் காட்டிப் பார்க்கிறாள். பெருந்தலைச் சாத்தனாரும் அதே குமணனிடம் போய், பால் வற்றிய மார்பைச் சப்பி அழும் குழந்தையைப் பாடுகிறார். படிக்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும். சீர்காழிக் குளக்கரையில் அழுத சம்பந்தரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த அழுகைக்கெல்லாம் காரணம் இருக்கிறது. பால் கிடைத்தால் நிற்கும். வள்ளல் கொடுத்தால் நிற்கும். என் கேள்வி வேறு. வயிறு நிறைந்த குழந்தை, தாய் மடியில், காரணமே இல்லாமல் மூன்று மணி நேரம் அழுகிறதே, அந்த அழுகை எங்கே?

ஒரே ஒரு இடத்தில் கிடைத்தது. பெரியாழ்வாரிடம்.

பெரியாழ்வார் திருமொழியின் முதல் பத்து, கண்ணன் பிறந்த கொண்டாட்டம். ஆயர்பாடியே எண்ணெயும் சுண்ணமுமாக வழுக்குகிறது. பன்னிரண்டாம் நாள் விழா வருகிறது. அது முடிந்து அடுத்த பாட்டு, பத்தில் ஒன்பதாவது. அங்கே கொண்டாட்டம் சட்டென்று அறுந்துபோய் அசோதையின் புலம்பல் கேட்கிறது. தொட்டிலில் விட்டால் தொட்டில் கிழிகிற மாதிரி உதைக்கிறான். தூக்கினால் இடுப்பு போகிறது. இறுக்கி அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். என் உடம்பில் தெம்பே இல்லை, இளைத்துப்போனேன் என்று தோழியிடம் சொல்கிறாள்.

பக்தர்களுக்கு இது பரமனின் லீலை. பாட்டை அப்படியும் படிக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு என் தங்கையிடம் இதை வாசித்து அர்த்தம் சொன்னேன். "இதுதான்ணா. இதேதான். கீழ போட்டாலும் ஆகல, தூக்கினாலும் ஆகல" என்றாள். பிரசவத்துக்கு வந்ததிலிருந்து அவள் தன்னை யாரோ புரிந்துகொண்டதாகச் சொன்னது அன்றைக்குத்தான். புரிந்துகொண்டவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் பூந்தோட்டம் வைத்திருந்த ஓர் ஆண்.

அவருக்கு எப்படித் தெரிந்தது? என் ஊகத்தைச் சொல்கிறேன், நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. துளசிச் செடிக்கடியில் கிடந்த ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தவர் அவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிற கதை. ஆண்டாள் பின்னாளில் பாவை பாடியதுதான் நமக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவளும் ஒன்றரை மாதக் குழந்தையாக இருந்திருப்பாள் இல்லையா? ஆறு மணிக்கு ஆரம்பித்திருப்பாள் இல்லையா? பூக்குடலையை வைத்துவிட்டு அந்த மனிதர் தோட்டத்தில் எத்தனை நடை நடந்தாரோ.

*

எழுதியவர்கள் விட்டதை எழுதத் தெரியாதவர்கள் விடவில்லை. நாட்டுப்புறத் தாலாட்டைச் சொல்கிறேன். செவ்விலக்கியக் குழந்தை சிரித்துக்கொண்டே வருகிறது. நாட்டுப்புறத் தாலாட்டோ பல இடங்களில் அழுகையிலிருந்துதான் கிளம்புகிறது. உன்னை யார் அடித்தது என்று குழந்தையைக் கேட்பது அதன் பழைய உத்தி. மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா, பாட்டி அடித்தாளா என்று ஒவ்வொரு உறவாகக் கூப்பிட்டு விசாரிக்கும். அடித்ததாகச் சொல்லும் ஆயுதங்களோ பூச்செண்டும் பூமாலையும் பால் வார்த்த கையும்.

இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பெர்சி மக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேகரித்த நாட்டுப் பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்து 1958-ல் 'மலையருவி' வந்தது. 1964-ல் நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' வந்தது. இவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பாட்டுகளில் பாதி மண்ணோடு போயிருக்கும். அவர்கள் வழியில் வந்த ஆய்வுகள் தாலாட்டில் தாய்மாமன் உரிமையைக் கண்டன, பிறந்த வீட்டுப் பெருமையைக் கண்டன, தொழிலையும் சாதியையும் வறுமையையும் கண்டன. எல்லாம் அதில் இருக்கிறது. தாய்மாமன் என்ற முறையில் நானும் அந்தச் சந்தேகப் பட்டியலில் முதல் ஆள் என்பதால் கொஞ்சம் உன்னிப்பாகவே படித்தேன்.

எனக்குப் பட்ட குறை ஒன்று உண்டு. இந்த ஆய்வுகளில் பாட்டு இருக்கிறது, குழந்தை இல்லை. தாலாட்டை ஒரு கவிதையாக மேஜையில் வைத்துப் படிக்கிறோம். அது ஒரு வேலைக்கான கருவி. ஏற்றப்பாட்டை ஏற்றத்திலிருந்து பிரித்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது.

இது எனக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை. கல்வராயன் மலையில் விளங்கியது.

நண்பர் ஒருவர் நாட்டார் பாடல் ஆய்வு செய்துகொண்டிருந்தார். தாலாட்டு பதிவு செய்யப் போகிறேன், வர்றியா என்றார். வீட்டு அழுகையிலிருந்து ஒரு நாள் விடுதலை கிடைக்கிறதே என்று கிளம்பிவிட்டேன் (தங்கை இதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்). கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலை ஏறினால் வெள்ளிமலை. கீழே கரும்பும் மக்காச்சோளமுமாகத் தெரிகிற பூமி, மேலே சாமையும் மரவள்ளியுமாக மாறிவிடும். அங்கே இருக்கிற மலையாளி மக்கள் கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசுகிற மலைக்காரர்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை. உங்கள் வீட்டு உரைமருந்துப் பெட்டியில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காயோடு கடுக்காய் ஒன்று இருக்குமே, அந்தக் கடுக்காய் இந்த மாதிரி மலைகளில் பொறுக்கியதுதான். கல்வராயனில் அது பல குடும்பங்களுக்கு வருமானம்.

ஒரு பாட்டியைப் பிடித்தோம். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். தாலாட்டு நன்றாகப் பாடுவார் என்று ஊரே சொன்னது. நண்பர் செல்போனில் பதிவைத் தட்டிவிட்டு, "பாடுங்க பாட்டி" என்றார்.

பாட்டி சிரித்தார். "புள்ள எங்க?"

"புள்ள இல்ல பாட்டி, சும்மா பாட்ட மட்டும் பாடுங்க."

"புள்ள இல்லாத எப்பிடி சாமி பாடறது? வெறுந்தூளியப் பாத்துப் பாடக் கூடாது."

நண்பர் எவ்வளவோ கெஞ்சினார். அரை மணி நேரம் போனது. டீ வந்தது. கடுக்காய் விலை பேசினோம். சாயங்காலம், இரண்டு வீடு தள்ளி ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. சத்தத்தைக் கேட்டதுமே எனக்கு வயிறு பிசைந்தது. அதே அழுகை. கீழே கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் இந்நேரம் ஆரம்பித்திருக்கும்.

பாட்டி எழுந்து போனார். தாயிடமிருந்து வாங்கிக் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தொடையில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினார். அப்புறம் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்தார். பாட்டு வந்தது. ஆனால் நண்பர் எதிர்பார்த்த பாட்டு இல்லை. சொல்லே இல்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒரு 'ரோ... ரோ...', நடக்கிற காலுக்கு ஒன்று, தட்டுகிற கைக்கு ஒன்று. குழந்தை ஏறினால் அதுவும் ஏறும். குழந்தை மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் இறங்கும். இப்படியே அரை மணி நேரத்துக்கு மேல். அழுகை விம்மலாக ஆன பிறகு, தூளியில் போட்டு ஆட்ட ஆரம்பித்த பிறகுதான் சொற்கள் வந்தன. மாமன் வந்தான், அத்தை வந்தாள், பூச்செண்டு வந்தது.

மொத்தப் பதிவு நாற்பது நிமிஷம். சொற்கள் இருந்தது மூன்று நிமிஷம். நண்பரின் ஆய்வேட்டில் அந்த மூன்று நிமிஷம் அழகாக அச்சாகியிருக்கிறது, அடிக்குறிப்போடு. முப்பத்தேழு நிமிஷத்துக்கு ஒரு வரிகூட இல்லை. அவர் மேல் தப்பில்லை. 'ரோ'வை எப்படி அச்சடிப்பது?

தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டுவதால் தாலாட்டு என்று சொல்வார்கள். பெயர் வைத்தவருக்கு இது சொல்லின் கலை அல்ல, நாக்கின் வேலை என்று தெரிந்திருக்கிறது. நாம்தான் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சினிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் வந்த 'பாசமலர்' படத்தின் தாலாட்டை விட நமக்குத் தெரிந்த தாலாட்டு வேறு உண்டா? கண்ணதாசன், விஸ்வநாதன் ராமமூர்த்தி, டி.எம்.எஸ்., சுசீலா. நானும் அதைக் கேட்டால் கண் கலங்குகிற ஆள்தான். ஆனால் அது குழந்தைக்காகப் பாடுகிற பாட்டா? பிரிந்த அண்ணனும் தங்கையும் குழந்தையைச் சாக்கு வைத்துத் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பாட்டு. அந்த வகையில் அது நாட்டுப்புறத் தாலாட்டின் நேர் வாரிசு, மாமன் பெருமை உட்பட. பின்னால் வந்த தாலாட்டுகளில் பலவற்றுக்கு அந்தச் சாக்குகூட இல்லை. இரண்டாவது சரணத்துக்குள் குழந்தை தூங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் இரண்டாவது சரணத்தில்தான் அவள் தொண்டையையே சரிசெய்துகொள்வாள்.

உலகம் முழுக்க இப்படித்தானா என்றால், இல்லை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. சுமார் நாலாயிரம் வருஷம் பழசு. அதில் இருக்கிற தாலாட்டு, உன் அழுகையில் வீட்டுச் சாமியே முழித்துக்கொண்டுவிட்டது என்று குழந்தையைக் கடிந்துகொள்கிறது. ஸ்பானியக் கவிஞர் லோர்கா 1928-ல் தாலாட்டு பற்றியே ஒரு சொற்பொழிவு செய்தார். தன் நாட்டுத் தாலாட்டுகள் ஏன் இவ்வளவு சோகமாக இருக்கின்றன என்பதுதான் அவருக்குக் கேள்வி. அதைக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தவர்கள் ஏழைப் பெண்கள், அவர்கள் வாழ்க்கைதான் பாட்டில் வருகிறது என்பது அவர் கண்டது.

*

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டில் அதிகம் பேர் பார்த்த படைப்பு எது தெரியுமா? பெரியாழ்வாரும் இல்லை, பாசமலரும் இல்லை. தூர்தர்ஷன் காலத்தில் வந்த உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் விளம்பரம். குழந்தை அழுகிறது. தாய் வருகிறாள். அவளுக்குத் தாய் வருகிறாள். அவளுக்கும் தாய் வருகிறாள். ஒவ்வொருத்தியும் என்ன ஆச்சு என்று கேட்க, கிரைப் வாட்டர் கொடு, நீ குழந்தையாக இருந்தபோது உனக்கும் அதைத்தான் கொடுத்தேன் என்று பதில். அரை நிமிஷ நாடகம். இன்றைக்கும் நாற்பது வயசுக்கு மேற்பட்ட யாரை எழுப்பிக் கேட்டாலும் வசனம் சொல்வார்கள்.

அந்தப் பாட்டிலின் கதை சுவாரஸ்யமானது. வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தயாரித்தது. சதுப்பு நிலப் பகுதியில் மலேரியா மாதிரிக் காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்குக் கொடுத்து வந்த மருந்தைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாம். சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, அப்புறம் கொஞ்சம் ஆல்கஹால். மூன்றரை சதவீதத்துக்கு மேல்! தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அமைதியானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிரிட்டனில் 1992-ல் அந்த ஆல்கஹாலை எடுத்துவிட்டார்கள். இப்போது நம் கடைகளில் கிடைப்பதிலும் அது கிடையாது. ஆல்கஹால் போன பிறகு அது இந்த அழுகையைக் குறைக்கிறது என்பதற்குப் பெரிய ஆதாரமும் கிடையாது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. வசம்பும் கடுக்காயும் அந்தக் கணக்கில் வெளியேதான் நிற்க வேண்டும். அம்மாவிடம் இதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஆனால் விமர்சகனாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த விளம்பரம் நல்ல படைப்பு. பாட்டிலை எடுத்துவிட்டுப் பாருங்கள். மூன்று தலைமுறைப் பெண்கள். யாரும் தாயைப் பார்த்து "நீ என்ன சாப்பிட்டே?" என்று கேட்கவில்லை. நீயும் இப்படித்தான் அழுதாய் என்று மட்டும் சொல்கிறார்கள். அழுதவள் இதோ வளர்ந்து, கையில் பிள்ளையோடு நிற்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்த அத்தனை பேரில் ஒருவர்கூட என் தங்கையிடம் சொல்லாத வார்த்தை அது. குறை என்று பார்த்தால், மூன்று தலைமுறையில் ஓர் ஆண்கூட எட்டிப் பார்ப்பதில்லை. நம் வீடுகளைப் பார்த்து எடுத்ததுதானே.

இப்போது தாலாட்டின் விசாரணைக்குத் திரும்புங்கள். மாமன், அத்தை, பாட்டி என்று எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்கிற பட்டியலில் தாய் பெயர் இல்லை. அவள்தான் கேட்கிறவள். சந்தேகப்பட்டவர்கள் எல்லோரிடமும் பூச்செண்டுதான் இருக்கிறது. பூச்செண்டால் யாருக்கு வலிக்கும்? ஆக எல்லோரும் விடுதலை. அழுகைக்குக் காரணம் கிடைக்கவில்லை, கிடைக்காது என்று தெரிந்தேதான் பாட்டு கேட்டுக்கொண்டு போகிறது. உரம் விழுந்திருக்கு, மாந்தம், கண்ணேறு, வாயு, கத்தரிக்காய் என்று ஊர் தீர்ப்பு எழுதும்போது, தாலாட்டு ஒன்றுதான் தீர்ப்பைத் தள்ளிவைக்கிறது. இதுவரை மாமன் பெருமை என்று படித்த இடத்தை நான் இப்போது இப்படித்தான் படிக்கிறேன்.

மருத்துவமும் சுற்றி வளைத்து இங்கேதான் வந்து நிற்கிறது. 1954-ல் மோரிஸ் வெஸ்ஸல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஒரு மூன்று கணக்கு வைத்தார். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் 'காலிக்'. 1962-ல் பிரேசெல்டன் என்பவர் எண்பது குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களைக் குறித்து வைக்கச் சொன்னார். நோய் நொடி இல்லாத குழந்தைகள். அவையும் ஆறாவது வாரத்தில் ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன, அதிலும் சாயங்காலத்தில் கூடுதலாக. 2016-ல் வந்த வரையறையில் அந்த மூன்று கணக்கையே விட்டுவிட்டார்கள். ஐந்து மாதத்துக்கு உட்பட்ட, மற்றபடி நன்றாக இருக்கிற குழந்தை, காரணமில்லாமல், நீண்ட நேரம், சமாதானமாகாமல் அழுவது. அவ்வளவுதான் வரையறை. காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது என்று ஏதாவது இருந்தால் அது வேறு, உடனே டாக்டரிடம் ஓடவேண்டும். இல்லையென்றால் நாள் எண்ண வேண்டியதுதான்.

எண்ணுகிற வரைக்கும்? உரம் எடுக்கிற பாட்டி ஒருத்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய சேலையில் குழந்தையைப் போட்டு, இரண்டு முனையை அவரும் இரண்டு முனையை அம்மாவும் பிடித்து, மெல்ல இப்படியும் அப்படியும் உருட்டினார்கள். கால் மணி நேரம் குழந்தை கப்சிப். உரம் விழுந்திருந்ததோ இல்லையோ, சேலை ஆடியது. 2022-ல் ஜப்பானின் ரிகென் ஆய்வு நிலையத்தில் இருபத்தொரு குழந்தைகளை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்காமல் நடக்க வேண்டும். தூங்கிவிட்டால் உடனே கீழே விடாமல், ஐந்திலிருந்து எட்டு நிமிஷம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்புறம் படுக்க வைத்தால் முழிப்பது குறைகிறதாம். படித்ததும் எனக்கு வெள்ளிமலைப் பாட்டியின் வாசல் நடைதான் ஞாபகம் வந்தது. ஆனால் காலிக் குழந்தை எல்லாவற்றையும் தோற்கடிக்கிற நாளும் உண்டு. பாட்டியும் தோற்பார், ஜப்பானும் தோற்கும்.

அந்த மாதிரி ஒரு ராத்திரி நடந்ததை எழுதத்தான் வேண்டும். மணி ஒன்று இருக்கும். வழக்கமாகப் பத்துக்கு நிற்பது அன்றைக்கு நிற்கவில்லை. தங்கை குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, "ஏன்டி, ஏன்டி இப்படிப் பண்றே" என்று கேட்டாள். அவள் கை இறுகுவதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். குழந்தையை என் கையில் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள். அரை மணி நேரம் கழித்து, "நான் அம்மாவே இல்லண்ணா" என்றாள்.

அவள் செய்தது சரி. மாற்றிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் வெளியே போய்விடலாம். அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. உலுக்கினால் ஆகும். அந்த வயசில் ஒரு உலுக்கலில் மூளைக்குள் ரத்தம் கசியலாம், கண் போகலாம், உயிரே போகலாம். இதைச் செய்தவர்கள் ராட்சசர்கள் இல்லை. பல நாள் தூங்காதவர்கள். பாட்டியின் 'ரோ' யாருக்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. கை ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருக்கிறது, கால் ஒரே தாளத்தில் நடக்கிறது, வாய் ஒரே ஒலியில் இருக்கிறது. அந்தக் கைக்கு இறுக நேரமில்லை.

குலசேகர ஆழ்வார் தேவகியின் புலம்பல் என்று ஒரு பதிகம் பாடியிருக்கிறார். பெற்ற பிள்ளையை அசோதையிடம் விட்டுவிட்டு, தாலாட்டக் கொடுத்து வைக்காத, தாய்மார்களிலேயே கடைசித் தாய் நான் என்று தேவகி அழுகிறாள். அதைத் தங்கையிடம் வாசித்துக் காட்டலாமா என்று நினைத்தேன். வாசிக்கவில்லை. தூக்கமில்லாதவளிடம் தேவகியைக் கொண்டுபோய் நிறுத்துவது அநியாயம். அவளுக்கு வேண்டியது பெரியாழ்வாரின் அந்த ஒன்பதாம் பாட்டுதான். அதையே நாலைந்து தரம் கேட்டாள்.

தொண்ணூறு நாள் தாண்டி ஒரு வாரம் இருக்கும். ஆறு மணி ஆனது. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம். ஆறேகால். ஆறரை. குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா பயந்துபோய் மூக்குக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். மறுநாளும் அழுகை இல்லை. உரம் எடுத்த பாட்டி தன்னால்தான் என்றார். அம்மா வசம்பு என்றாள். எதிர்வீட்டம்மா, தங்கை கத்தரிக்காயை விட்டதால் என்றார்.

தங்கை யாருக்கும் பதில் சொல்லவில்லை. தூளியின் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, "அந்த மலைப் பாட்டி ரெக்கார்டிங் இருக்கில்ல, அதப் போடுண்ணா" என்றாள்.

"தூங்கிட்டாளேம்மா."

"அவளுக்கில்ல. எனக்கு."

போட்டேன். பாட்டு வருகிற கடைசி மூன்று நிமிஷத்துக்கு நகர்த்தப் போனேன். "அது வேணாம். முதல்ல இருந்து" என்றாள்.